வகுப்பு முடிந்த திங்கட்கிழமை

என் முதல் பயிற்சிச் சான்றிதழில் இருப்பது என் பெயர் அல்ல, அப்பாவின் பெயர். மலேசிய இந்தியர்களுக்கு இது புதிதில்லை. பெயருக்கு நடுவில் வரும், மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கமான 'அ/பெ'வைக் கண்டால் எது மகள் பெயர், எது தகப்பன் பெயர் என்று சிலருக்குப் பிடிபடுவதே கிடையாது. பதிவு செய்த பெண் பின்பாதியை மட்டும் தட்டச்சு செய்துவிட்டார். ஆகவே, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் அப்பா, ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து தலைமைத்துவமும் குழு உணர்வும் பயின்று தேறியிருக்கிறார். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

அந்த இரண்டு நாளில் நான் கற்றது என்னவென்று கேட்டால், மதியச் சாப்பாட்டில் இறால் நன்றாக இருந்தது என்பேன். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தால் சக ஊழியர் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டு ஒன்று நடந்தது. வண்ணக் காகிதத்தில் கோபுரம் கட்டினோம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றபோது, அது வெள்ளிக்கிழமை எந்தக் கோளாறில் நின்றதோ அதே கோளாறில் நின்றுகொண்டிருந்தது. நானும் வெள்ளிக்கிழமை இருந்த அதே ஆள்தான்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எனக்கு இருபத்தைந்து ஆண்டு சர்வீஸ். 1972இல் தடையற்ற வணிக வட்டாரமாகத் தொடங்கிய இடம் அது. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு ஆபரேட்டராகச் சேர்ந்தேன். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வரும், பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போவோம், இருட்டிய பிறகு திரும்புவோம். பிறகு டெக்னீஷியன், அதன் பிறகு லைனில் புதியவர்களைப் பழக்கும் பயிற்றுநர். இதற்கிடையே எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். நானே பல வகுப்புகள் எடுத்தும் இருக்கிறேன். பாதிக்கு மேல் வீண் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். மீதி ஏன் வீணாகவில்லை என்பதை யோசித்துப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

என் வேலை வயர் பாண்டிங். சிப்பில் உள்ள சின்னஞ்சிறு அலுமினியத் தளத்திலிருந்து வெளிச் சட்டகத்தின் கால்களுக்குக் கம்பி இழுத்து ஒட்டுவது. கம்பியின் தடிமன் 25 மைக்ரான் அளவில் இருக்கும், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்பொறி ஒன்று கம்பி நுனியை உருக்கிக் குட்டிப் பந்தாக்கும். சூடு, அழுத்தம், மீயொலி அதிர்வு மூன்றும் சேர்ந்து அந்தப் பந்தைத் தளத்தில் ஒட்டும். இயந்திரம் இதை நொடிக்குப் பல முறை செய்யும். மனிதனுக்கு மிச்சமிருப்பது, கம்பி அறுந்தால் மறுபடி கோர்ப்பதும், பந்து ஏன் ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பதும்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் தங்கக் கம்பி. அறுந்த துண்டுகளைக்கூட டப்பாவில் போட்டு நிறுத்துப் பூட்டி வைப்போம். தங்கம் விலை 2008 மார்ச்சில் அவுன்ஸ் 1,000 டாலரைத் தாண்டியது, 2011இல் 1,900 டாலர் வரை போனது. கலியாண வீடுகளில் அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் தொழிலும் தங்கத்தை விட்டுத் தாமிரக் கம்பிக்கு மாறிக்கொண்டிருந்தது. தங்கத்தில் பத்தாண்டு கைப்பழக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் புதுமுகங்களாகிப் போனோம்.

தாமிரம் தங்கத்தைப் போல் பணிந்து போகாது. கடினமான உலோகம். ஒட்ட வேண்டுமென்று அழுத்தத்தைக் கூட்டினால் அடியிலுள்ள அலுமினியம் பிதுங்கும், இன்னும் கூட்டினால் அதற்கும் கீழே சிலிக்கானில் விரிசல் விழும். அந்த விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது. மேலே உள்ள உலோகத்தை அமிலத்தில் கரைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். போதாததற்குத் தாமிரம் காற்றுப் பட்டால் கறுக்கும். அதனால் பந்து உருவாகும் இடத்தில் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித்தர இயந்திரம் விற்ற நிறுவனத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. காலை எட்டரை மணியிலிருந்து மாலை வரை திரையில் படம் படமாகக் காட்டினார். எனக்கு அது இரவு ஷிப்ட் முடிந்த காலை. முந்திய நாள் மாலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தவள் நான். பத்தரை மணித் தேநீருக்குப் பிறகு அந்த அறையில் கேட்டது பொறியாளரின் குரலும் குளிர்சாதனத்தின் இரைச்சலும்தான், எங்களில் பாதிப் பேர் உறங்கிவிட்டோம். வருகைத் தாளில் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. ஆவணப்படி அனைவரும் பயிற்சி பெற்றவர்கள்.

இயந்திரங்கள் அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான் வந்தன.

நான் அந்த வகுப்பில் முழுக்கத் தூங்கிவிடாததற்குக் காரணம் என் நோட்டுப் புத்தகம். அறிவாளி என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை, பேனா கையில் இருந்தால் தலை சாயாது என்பதால் எழுதினேன். தமிழில் எழுதினேன். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த கைக்கு, தூக்கக் கலக்கத்தில் அந்த எழுத்துதான் தானாக வரும். எழுதியது அதிகமில்லை, மொத்தம் ஒன்பது வரி. ஆறாவது வரி இது: 'பந்து கோணல் என்றால் முதலில் வாயுவைப் பார்.'

இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் வாரம் எல்லாரும் எரிச்சலில் இருந்தார்கள். கம்பி ஒட்டவில்லை, இயந்திரம் நின்றுகொண்டே இருந்தது. எங்கள் லைனின் மூத்த டெக்னீஷியன் ஒரு சீனர். நாங்கள் 'அங்கிள்' என்போம். தங்கக் கம்பியில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் பழைய வழக்கப்படி அழுத்தத்தைக் கூட்டினார், பிறகு அதிர்வைக் கூட்டினார். நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். பந்து உருண்டையாக இல்லாமல், ஒரு பக்கம் சரிந்து, கோல்ப் மட்டையின் தலைபோல் இருந்தது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். சுவரில் இருந்த வாயு அளவி சரியான எண்ணைத்தான் காட்டியது. ஆனால் இயந்திரத்தின் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, தகட்டின் ஓரத்தில் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. சுவர் வரைக்கும் வாயு வந்தது, பந்து வரைக்கும் வரவில்லை.

அங்கிள் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "இது என்ன, முறுக்கா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். ஆனால் மறுவாரம் அவரும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் வகுப்பிலிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்பது வரி. அதில் உடனடியாகப் பயன்பட்டது ஒன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வகுப்பிலிருந்து ஒரு வரியாவது இயந்திரம் வரை போய்ச் சேர்ந்தால் அது நல்ல வகுப்பு. புதிதாக வருபவர்களிடம் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: படத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள், அதைத்தான் பிறகு அனுப்பிவைப்பார்களே. 'இது கெட்டால் அதைப் பார்' என்ற அமைப்பில், உங்களுக்கு எந்த மொழியில் கனவு வருகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். வகுப்பு நடந்த அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் என்றால் பாதி போய்விடும்.

அங்கிள் ஓய்வு பெற்றபோது கேக் வெட்டினோம், மனிதவளப் பிரிவு பழக்கூடை ஒன்று கொடுத்தது. பத்து நாள் கழித்து ஏழாம் எண் இயந்திரம் மக்கர் செய்தது. யாருக்கும் பிடிபடவில்லை. நான் அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ஆயர் ஈத்தாம் சந்தையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் கடைக்காரர்கள் கூவுவது எனக்குக் கேட்டது. "இடப்பக்கக் கதவைத் திற. கீழே இரண்டு திருகு இருக்கும். உள்பக்கத்துத் திருகை அரைச் சுற்று, அதற்கு மேல் போகாதே" என்றார். சரியாகிவிட்டது. எந்தக் கையேட்டிலும் அந்த அரைச் சுற்று கிடையாது. இருபத்தொன்பது ஆண்டு அவர் விரலில் இருந்தது, பழக்கூடையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

இதற்குப் பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். நோட்டு வைத்திருக்கும் ஆள் என்று பெயர் வாங்கியிருந்ததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சம்பளம் அப்படியேதான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இரண்டு ஆண்டு கழித்துத்தான் பதவியும் படியும் வந்தன.

முதலில் நான் எழுதிய செய்முறை இப்படி இருந்தது: கம்பியை இடுக்கியால் பிடிக்கவும். வழிகாட்டியில் நுழைக்கவும். முனையின் துளையில் சரியாகக் கோர்க்கவும். எனக்கு அது தெளிவாகப் பட்டது. மலாயில் மொழிபெயர்த்து அச்சடித்து, நெகிழித் தாளில் போட்டு இயந்திரத்தில் ஒட்டினேன். அந்த மாதம் சேர்ந்த பிறை ஊர்ப் பையன் ஒருவன் அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போராடினான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, 'சரியாக' என்றால் எப்படி?"

நான் கோர்த்துக் காட்டினேன். நான்கு நொடி ஆனது. "இப்படி" என்றேன்.

"அதுதான் அக்கா, 'இப்படி' என்றால் எப்படி?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கணம்தான். பிறகு யோசித்தேன், உண்மையிலேயே எப்படி? என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவனை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிவிட்டு மெதுவாக, ஒவ்வோர் அசைவாகச் செய்தேன். அவன்தான் கண்டுபிடித்தான்: "கோர்ப்பதற்கு முன்னால் நுனியைக் கிள்ளிப் போடுகிறீர்கள்." ஆமாம். கம்பி நுனி துளி வளைந்திருந்தாலும் துளைக்குள் போகாது, ஏனென்றால் துளை கம்பியைவிட மயிரிழைதான் பெரியது. அதனால் ஒவ்வொரு முறையும் நுனியைக் கிள்ளிப் புது நுனி எடுக்கிறேன். பதினைந்து ஆண்டாகச் செய்கிறேன், ஒரு முறையும் யாரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில் கம்பெனி என்னைப் பயிற்றுநர்களுக்கான பயிற்சிக்கு அனுப்பியது. நான் போன வகுப்புகளில் மிக உருப்படியானது அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, இயந்திரத்தையே தொட்டறியாத பெண்களும் மற்றவர்களும் இலட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை வேகமாகப் பழக்க ஒரு முறையை வகுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா போன்ற நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. முறை எளிமையானது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு விடாமல் கவனித்துக்கொள். அந்தக் காலத்து அட்டையில் அச்சிட்டிருந்த வாசகத்தையும் காட்டினார்கள்: கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பிப்பவர் கற்பிக்கவில்லை. பிறைப் பையன் நினைவுக்கு வந்து கூசியது.

அதிலிருந்து என் செய்முறைத் தாளில் மூன்று பத்திகள். முதலாவது, என்ன செய்ய வேண்டும். இரண்டாவது, அதில் எது உயிர்நாடி. மூன்றாவது, ஏன். 'கம்பியைக் கோர்க்கவும். கோர்க்குமுன் நுனியைக் கிள்ளவும். வளைந்த நுனி துளையில் முட்டும்.' இவ்வளவுதான். மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கடினம். நிரப்ப முடியாத இடங்களில் நமக்கே காரணம் தெரியாது என்று அர்த்தம். என் முதல் தாளில் மூன்றாம் பத்தியில் பதினோரு கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றைப் பொறியாளர்களிடம் கேட்டு நிரப்ப நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் கற்றதுபோல் அதற்கு முந்திய பத்தாண்டில் கற்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் என் கையில் காகிதம் எதுவும் இல்லை. அப்பா பெயரில் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். வேறு தொழிற்சாலையில் மூத்த டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பித்தேன். டிப்ளோமா கேட்டார்கள். நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வரும் அக்கா ஒருவர்தான், "உன் அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். எடுக்கலாமே" என்றார்.

எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழைப் பற்றிப் பலர் அறிந்திருப்பார்கள். கல்லூரியில் படித்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே வேலையில் திறன் பெற்றவர்கள் ஆதாரங்களைக் கொடுத்து மதிப்பீடு பெறும் வழி உண்டு. பி.பி.டி. என்பார்கள், மலாயில் 'பெங்கிக்திராஃபான் பென்சாப்பையான் தெர்டாஹுலு', அதாவது முன்பே அடைந்த தேர்ச்சியை அங்கீகரிப்பது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள ஜே.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டுத் துறை இதைக் கவனிக்கிறது. சான்றிதழ் 1 முதல் 3 வரை நிலைகளில் இருக்கும், 4ஆவது டிப்ளோமா, 5ஆவது உயர்நிலை டிப்ளோமா. ஒவ்வொரு தொழிலுக்கும் நாஸ் எனப்படும் தேசியத் தரநிலை இருக்கிறது. அதில் அந்த வேலைக்காரருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 'இதை நான் செய்திருக்கிறேன்' என்று ஆதாரம் வைத்துக் கோப்பு கட்ட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். எங்கள் தொழிற்சாலையில் நுழையும்போதே காவலர் கைப்பேசி கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். நான் இயந்திரத்தில் வேலை செய்யும் படம் எங்கிருந்து வரும்? பதினெட்டு ஆண்டு வேலை செய்ததற்கு ஒரு படம்கூட என்னிடம் இல்லை, தீபாவளி விருந்துப் படங்களைத் தவிர. மேலாளரிடம் கடிதம் எழுதி அனுமதி கேட்டேன். மூன்று வாரம் கழித்து, பாதுகாப்புப் பிரிவு ஆள் பக்கத்தில் நிற்க, ஒரு மணி நேரத்தில் எல்லாப் படங்களையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பராமரிப்புப் பதிவேட்டின் நகல்களில் வாடிக்கையாளர் பெயர், லாட் எண் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்தேன். மை மறுபக்கம் ஊறிவிட்டதால் மறுபடி நகல் எடுத்தேன். கோப்பைப் பார்த்த என் மகன், "அம்மா, இது உளவாளிகளின் ஃபைல் மாதிரி இருக்கிறது" என்றான்.

என்னைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று அந்த மூன்று பத்தித் தாள்கள், அவற்றின் கீழே என் கையொப்பமும் தேதியும் இருந்தன. மற்றது என் நோட்டுகள், அதற்குள் பதினான்கு ஆகியிருந்தன. நீங்கள் சான்றிதழுக்கு இன்றைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்றாலும் இன்றைக்கே ஒரு உறை எடுத்து வையுங்கள். பணிநியமனக் கடிதங்கள், வகுப்புச் சான்றிதழ்கள், நீங்கள் சரிசெய்த கோளாறைப் பற்றி மேலாளர் அனுப்பிய பாராட்டு மின்னஞ்சல், எல்லாவற்றின் நகலும் அதில் போகட்டும். கம்பெனி மூடினாலோ மேலாளர் மாறினாலோ அவற்றைத் திரும்பப் பெற முடியாது. சான்றிதழைக் கையில் வாங்கும்போதே பெயர் மைக்கார்டு அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் நிலை 2, அடுத்து நிலை 3. நிலை 3 மதிப்பீட்டின்போது மதிப்பீட்டாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். நான் மணிக்கட்டுப் பட்டை அணிந்து வேலை செய்யும் படத்தில் நிறுத்தினார். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடாமல் இருக்க, அந்தப் பட்டையின் கம்பியைத் தரையிணைப்பில் மாட்டிக்கொண்டுதான் உட்காருவோம். "இந்தக் கம்பிக்குள் ஒரு மெகாஓம் மின்தடை இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார்.

ஒவ்வொரு நாளும் அணிகிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் சோதனைக் கருவியில் வைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். அதில் மின்தடை இருப்பதும் தெரியும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நிலைமின்சாரம் மெதுவாக இறங்க என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அடுத்த பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையிணைப்போடு கட்டப்பட்டிருக்கும் ஒருத்தி தவறிப்போய் 230 வோல்ட் மின்கம்பியைத் தொட்டால் மின்சாரம் முழுவதும் அவள் உடல் வழியாகப் பாயும். நடுவில் பத்து இலட்சம் ஓம் இருந்தால் பாய்வது 0.23 மில்லி ஆம்பியர்தான், உணர்வதே கடினம். அந்த மின்தடை முதன்மையாக சிப்புக்காக இல்லை, எனக்காக. இத்தனை ஆண்டு என் கையில் கட்டிக்கொண்டிருந்த ஒன்று என் உயிருக்கான காவல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாலத்தின் நடுவில் பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் நான் எடுக்கும் முதல் வகுப்பில் முதல் கேள்வி அதுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பயிற்சி என்றால் முதலாளி இரங்கிப் போடும் பிச்சை என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் கீழ் வரும் துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களுடைய மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் என்னும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு வரிபோல் கட்டியாக வேண்டும். 1993இல் தொடங்கிய நிதி இது. நம் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது, முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டும். அந்தப் பணத்தை ஊழியர் பயிற்சிக்காக முதலாளி திரும்பக் கேட்டுப் பெறலாம். நாம் நேரடியாகக் கேட்க முடியாது. வகுப்பு தொடங்குமுன்பே அவர்கள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதனால் வகுப்பு அடுத்த வாரம் என்ற நிலையில் போய் நிற்காதீர்கள், இரண்டு மாதம் முன்னதாகவே பேச்சை எடுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் ஒரு வித்தை. "எனக்குப் பயிற்சி வேண்டும்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். நான் ஒரு முறை மூன்று மாதப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து, "ஒரே கோளாறில் இயந்திரம் இத்தனை மணி நேரம் நின்றிருக்கிறது, அதற்கான வகுப்பு பி.எஸ்.டி.சி.யில் இருக்கிறது" என்று ஒரே தாளில் கொடுத்தேன். பி.எஸ்.டி.சி. என்பது பாயான் லெப்பாஸில் 1989 முதல் இருக்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. அந்த வாரமே அனுமதி வந்தது. சொந்தப் பணத்தில் படித்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சுயகல்விக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக்கழிவு உண்டு, குறுகிய காலத் திறன் வகுப்புகளுக்கு அதற்குள்ளேயே 2,000 வரை கேட்கும் வசதியும் அண்மை ஆண்டுகளில் இருந்துவருகிறது.

ஒரு விஷயம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த நிதி மலேசியர்களுக்கு மட்டும். என் லைனில் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் நேப்பாளத் தம்பிகள் வகுப்பறைக்கு வருவதில்லை. ஆனால் அவர்கள் கையில் உள்ளதும் அதே 25 மைக்ரான் கம்பிதான். அவர்களுக்கு இயந்திரத்தடியில் நின்று நான் சொல்லித்தருகிறேன். உண்மையைச் சொன்னால், வகுப்பறையில் உட்கார்ந்தவர்களைவிட அவர்கள்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கற்ற மாத்திரத்தில் கை இயந்திரத்தில் இருக்கிறதே, அதனால்தான்.

அதனால்தான் இப்போது எந்த வகுப்புக்கும் ஆள் அனுப்பும்போது ஒரே நிபந்தனை போடுகிறேன். வகுப்பு முடிந்து வரும் முதல் வேலை நாளில் அந்த ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரு இயந்திரம், உற்பத்திக் கணக்கு இல்லாமல். அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பில் கேட்டதில் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். இரவு ஷிப்ட் ஆட்களுக்கு வகுப்பு அவர்கள் ஷிப்டின் தொடக்கத்தில்தான், முடிவில் அல்ல. இந்த இரண்டாவதை வாங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. முதலாவதை இன்னும் முழுதாக வாங்கவில்லை. ஒரு மணி நேரம் இயந்திரம் நின்றால் எத்தனை ஆயிரம் துண்டுகள் குறையும் என்று உற்பத்தி மேலாளர் விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கிறார். கற்காத ஆள் அதே இயந்திரத்தை எத்தனை மணி நேரம் நிறுத்துவார் என்ற கணக்கு என் நோட்டில் இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டு புதிய இயந்திரங்கள் வருகின்றன. வகுப்பு வெள்ளிக்கிழமை. பிறைப் பையனும் போகிறான், அவன் இப்போது டெக்னீஷியன், அவனிடமும் நான்கு நோட்டுகள் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை எட்டு முதல் ஒன்பது வரை ஓர் இயந்திரம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலாளர், "பார்க்கலாம்" என்றிருக்கிறார். நாளைக்கு மூன்று மாதப் பதிவேட்டைக் கூட்டி எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன்.